கப்பல் வரும்வரை விடுமுறை இல்லை

சுவா
29 ஆகஸ்ட் 1971

அன்புள்ள ஜியாரேவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? நான் இல்லை என்று ஜன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு படுக்காதீர்கள்.

கப்பலில் வழியெல்லாம் வாந்தி. இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டே இருந்தது. போன செவ்வாய்க்கிழமை நம் ஹரியெட்டாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு மருமகன் மூக்கு. தொண்டை மட்டும் உங்களுடையது. பசி வந்தால் பின்வரிசைப் பையனை அதட்டுவதுபோல் கத்துகிறான்.

மருமகனுக்குத் துறைமுகத்தில் ராத்திரி வேலை, பகலில் தூங்குகிறார். ஹரியெட்டாவும் தூங்குகிறாள். குழந்தையும் தூங்குகிறான். என்ன செய்வது என்று தெரியாமல் நானும் படுத்துவிடுகிறேன். நேற்று மத்தியானம் கண் விழித்தபோது இது எந்த ஊர் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

கோழிகளை ராத்திரி அடைத்து வையுங்கள். கிழங்குத் தோட்டத்தில் களை எடுக்க யாரையாவது கூப்பிடுங்கள், நீங்களே இறங்கி முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த கப்பலிலோ அதற்கடுத்ததிலோ வந்துவிடுவேன்.

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கும்,
தோரிக்கா


ரொட்டுமா
12 செப்டம்பர் 1971

அன்புள்ள தோரிக்காவுக்கு,

இங்கே நான் சுகம். இருமலும் சுகமாக என்னோடுதான் இருக்கிறது. நீயும் ஹரியெட்டாவும் பேரனும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் சந்தோஷம் தாங்காமல் பள்ளிக்கூட மணியை அடித்துவிட்டேன். பிள்ளைகள் வீட்டுக்கு விட்டாயிற்று என்று நினைத்து ஓட்டம் பிடித்தார்கள். பாதிப் பேரைக் கடற்கரையிலிருந்து பிடித்து வர வேண்டியதாயிற்று.

போன வாரம் ஊர்க்கூட்டம். நான் காவா வேர்ச்சாறு குடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். தலைவர் இஞ்சிமோ என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரே, இந்த வருஷம் பள்ளிக்கூடத்தை எப்ப சாத்தறீங்க?"

"செப்டம்பர்லயே இந்தக் கேள்வியா?"

"இப்பக் கேட்டாத்தானே அப்ப நடக்கும். டிசம்பர் பொறந்தா ஃபாரா. புள்ளைங்க ராவெல்லாம் வீடு வீடாப் பாடிட்டு வரும். காலைல உங்க வாய்ப்பாட்டை எவன் ஒப்பிப்பான்? எப்பவும்போல நவம்பர் முப்பதோட கதவை மூடிருங்க."

மார்ச் புயலில் கூரை பறந்து, பலாமரத்தடியில் வகுப்பு நடத்தியதை நினைவுபடுத்தினேன். போன நாட்களை ஈடுகட்ட வேண்டாமா? கிறிஸ்துமஸுக்கு முன் எந்த நாளில் வேண்டுமானாலும் சாத்தலாம், அது தலைமையாசிரியர் விருப்பம் என்று கல்வி இலாகாவே எழுதியிருக்கிறது. அதைச் சொன்னதும் இஞ்சிமோ, "அவங்க சுவால உக்காந்து எழுதுவாங்க, இங்க வந்து பாடுவாங்களா?" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அவர் மனைவி சரோத்தே தினமும் கிழங்கு வேகவைத்து அனுப்புகிறாள். உன் கைப்பக்குவம் இல்லை. அவளிடம் சொல்லிவிடாதே.

சீக்கிரம் வா.
ஜியாரே


சுவா
30 செப்டம்பர் 1971

அன்புள்ள ஜியாரேவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகமறிய ஆவல். பேரனுக்கு மேலுக்கு ஒன்றுமில்லை, உடம்பு தேறி வருகிறது.

சரோத்தேவின் கிழங்கைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்கும் வீட்டில் பத்துப் பேர்.

விடுமுறை விஷயத்தில் தலைவர் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. என்றைக்கும்போல நவம்பர் கடைசியில் சாத்திவிடுங்கள். புயலில் போன பாடத்தை பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஹரியெட்டா வேலைக்குத் திரும்ப வேண்டும் என்கிறாள். டெலிபோன் நிலையத்தில் அவள் இடத்தில் வேறு பெண்ணை உட்காரவைத்திருக்கிறார்களாம். குழந்தையை யார் பார்ப்பது? அதனால் இந்தக் கப்பலில் நான் வரவில்லை. இருமலுக்கு ஒரு மருந்துப் புட்டி அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கள். கசக்கிறது என்று ஜன்னல் வழியாக ஊற்றினால் எனக்குத் தெரியும்.

தோரிக்கா


ரொட்டுமா
15 அக்டோபர் 1971

அன்புள்ள தோரிக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். மருந்தைக் குடிக்கிறேன். கசக்கிறது.

விடுமுறைத் தேதியை முடிவு செய்துவிட்டேன். டிசம்பர் பதினேழு, வெள்ளிக்கிழமை. அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிய அன்றைக்கே ஊர் கொந்தளித்துவிட்டது. இஞ்சிமோ பலகை முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஃபாரா ஆரம்பிச்சு பாதி மாசம் போயிரும், வாத்தியாரே. எந்த ஊர்ல நடக்கும் இது?"

"பள்ளிக்கூடம் பாட்டுக்குப் பள்ளிக்கூடம். பாட்டு பாட்டுக்குப் பாட்டு" என்றேன்.

"உங்க மேல சத்தியமா, இது வீம்பு."

புயலில் போன பாடங்களைப் பற்றி மறுபடியும் ஒரு பிரசங்கம் செய்தேன். அவர் நம்பவில்லை. உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காரணத்தை நானும் முழுதாக நம்பவில்லை. விடுமுறை விடும் நாள் விழாவில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பிள்ளைகளைப் பழக்குகிறவள் நீ. பாயைச் சுருட்டி வைத்துக் கட்டையால் தட்டி, முதல் அடியை எடுத்துக் கொடுக்கிறவளும் நீதான். நீ இல்லாமல் விழா இல்லை. விழா இல்லாமல் விடுமுறையும் இல்லை. நவம்பர் கப்பலில் நீ வந்தால் பழக்குவதற்கு நாள் வேண்டாமா? அதற்குத்தான் பதினேழு.

ஆகவே நவம்பர் கப்பலில் கட்டாயம் வர வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ரேடியோ நிலையத்தில் தந்தி கொடுக்கலாம் என்றிருந்தேன். கொடுத்தால் நீ படிக்கும் முன்னே தீவு முழுக்கப் படித்துவிடும், அதனால் விட்டுவிட்டேன்.

வீடு கூட்டாமல் கிடக்கிறது.

ஜியாரே


சுவா
5 நவம்பர் 1971

அன்புள்ள ஜியாரேவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்குகிறதல்லவா, ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம். பேரனுக்கு வேறு இரண்டு நாளாக லேசான காய்ச்சல்.

ஒரு டின் பிஸ்கட்டும் உங்களுக்கு இரண்டு சட்டையும் அனுப்பியிருக்கிறேன். நீலச் சட்டையைக் கோவிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளிடம் நான் வருகிறேன் என்று ஏன் சொன்னீர்கள்? பாட்டுப் பழக்க அங்கே ஆள் இல்லையா? சரோத்தே என்னைவிட நன்றாகத் தட்டுவாள். நவம்பர் முப்பதோடு சாத்திவிடுங்கள். ஊரோடு ஏன் பொல்லாப்பு?

தோரிக்கா


ரொட்டுமா
21 நவம்பர் 1971

அன்புள்ள தோரிக்காவுக்கு,

பேரனுக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் இருக்கிறேன்.

கப்பல் வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடம் முழுவதையும் துறைக்குக் கூட்டிப்போனேன். பெண் பிள்ளைகள் பூமாலை கட்டி வைத்திருந்தார்கள். கப்பலிலிருந்து ஒவ்வொரு படகாகக் கரைக்கு வந்தது. ஒவ்வொரு படகுக்கும் பாட ஆரம்பித்து, நீ அதில் இல்லை என்று தெரிந்ததும் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். கடைசிப் படகில் பிஸ்கட் டின் வந்தது. மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல், பன்றிகளுக்குத் தகரத் தொட்டி இறக்கிக்கொண்டிருந்த மாலுமிக்குப் போட்டார்கள். அவன் ரொம்ப சந்தோஷப்பட்டான்.

இஞ்சிமோவும் அங்கே இருந்தார். "அம்மா வரலையா? சரி, இப்பவாவது முப்பதாம் தேதி சாத்துங்க" என்றார்.

"பதினேழுன்னா பதினேழுதான்."

"யாரு மேல கோவம் வாத்தியாரே, எங்க மேலயா?"

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். உடம்பெல்லாம் அசதி. முன்பெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அசதி போகும். இப்போது வீட்டுக்கு வந்தால்தான் ஆரம்பிக்கிறது. டிசம்பர் கப்பலில் இடத்தை இப்போதே சொல்லி வை.

ஜியாரே


சுவா
2 டிசம்பர் 1971

அன்புள்ள ஜியாரேவுக்கு,

எல்லோரும் நலம். பேரன் குப்புற விழப் பார்க்கிறான்.

கப்பல் இன்று சாயங்காலம் கிளம்புகிறது, அவசரமாக எழுதுகிறேன். இதிலும் வர முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இன்னொரு கப்பல் இருக்கிறதாம். பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தை இன்னும் சாத்தவில்லையா? பிள்ளைகள் பாவம். தயவுசெய்து சாத்திவிடுங்கள்.

தோரிக்கா


ரொட்டுமா
12 டிசம்பர் 1971

தோரிக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. நான் தூங்கிப் பல நாளாகிறது. காரணத்தைக் கேள்.

டிசம்பர் பிறந்ததும் ஃபாரா தொடங்கியது. வழக்கமாக வீடு வீடாகச் சுற்றி வருவார்கள், நம் வீட்டுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை வந்தால் அதிகம். இந்த வருஷம் இஞ்சிமோ ஊரைக் கூட்டி, "வாத்தியார் நம்ம புள்ளைங்களத் தூங்க விடாம பள்ளிக்கூடத்துக்கு இழுக்கறார். நாம அவரைத் தூங்க விட வேணாம்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும் நம் வாசலில்தான். ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம். பாட வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா? எழுந்து விளக்கேற்றி, பாய் விரித்து, வழக்கப்படி அவர்கள் தலையில் பவுடர் போட்டு, வாசனைத் தண்ணீர் தெளித்து, தர்ப்பூசணி வெட்டி, தேநீர் வைத்து, அவர்கள் போன பிறகு தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டு நிமிர்வதற்குள் அடுத்த பாட்டு கேட்கிறது.

பவுடர் மூன்றாம் நாளே தீர்ந்தது. கடையிலும் இல்லை, இஞ்சிமோ ஆட்கள் மொத்தமாக வாங்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வேறு வழியில்லாமல் சாக்பீஸை இடித்துத் துணியில் சலித்துப் போட்டேன். "வாத்தியாரே, என்னமோ அரிக்குதே" என்றார்கள். "புதுசா வந்த பவுடர், பழகிக்கங்க" என்றேன். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் வெள்ளைத் தலையோடு வரிசையாக மேசைமேல் தூங்குகிறார்கள். கரும்பலகையில் எழுத சாக்பீஸ் இல்லை. நானும் நாற்காலியில் தூங்கிவிட்டேன். எங்களை எழுப்ப யாருமில்லாததால் பள்ளிக்கூடம் மாலைவரை நடந்தது.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று கொப்பரைக் கிடங்கில் பசேபாவைப் பார்த்தேன். நவம்பர் கப்பலில் வந்தவன். "கூட்டத்துல ரொம்பக் கஷ்டப்பட்டியா?" என்றேன்.

"என்ன கூட்டம்? மேல்தட்டு காத்தாடிக்கிட்டுக் கிடந்துச்சு. காலை நீட்டிப் படுத்துட்டு வந்தேன். ஏன் கேக்கறீங்க?"

ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். தோரிக்கா, இடமில்லை என்று எனக்கு ஏன் எழுதினாய்? பேரனுக்குக் காய்ச்சல் இருந்ததா, அதுவும் கதையா? அங்கே அப்படி என்ன இருக்கிறது? நான் என்ன செய்தேன்?

பதினேழாம் தேதியை அழித்துவிட்டேன். பலகையில் இப்போது தேதியே இல்லை. நீ வந்து இறங்குகிற அன்றைக்கு விடுமுறை விடுவேன். அதுவரை மணி அடிக்கும், பாடம் நடக்கும். கிறிஸ்துமஸ் அன்றைக்கு நடந்தாலும் நடக்கட்டும். ஊர் என்னைக் கல்லால் அடித்தாலும் சரி.

ஜியாரே


சுவா
18 டிசம்பர் 1971

அன்புள்ள ஜியாரேவுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்டுத்தான் தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்கு வேண்டும். நன்றாகச் சாப்பிடுங்கள். படுக்க முடிகிறபோது படுங்கள்.

பசேபா சொன்னது உண்மை. இடம் இருந்தது. காய்ச்சலும் உண்மைதான், ஆனால் அது ஒரே நாளில் விட்டுவிட்டது. நவம்பரில் பையைக் கட்டிக்கொண்டு துறைமுகம்வரை போனேன். மருமகன் என் பாயைக்கூட மேல்தட்டில் விரித்துவிட்டார். ஏறு பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். கால் ஏறவில்லை. "என்ன அத்தை?" என்றார். "வீட்டுக்குப் போலாம், தம்பி" என்றேன். அவர் ஏறிப் போய்ப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, இடமில்லை என்று உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, கப்பல் கிளம்பும் முன்னே பிஸ்கட்டோடும் சட்டையோடும் மாலுமி கையில் கொடுத்தேன்.

உங்கள்மேல் கோபமில்லை. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் களைப்பு, ஜியாரே. தூங்கினால் போகும் என்று நினைத்தேன். ஆகஸ்டிலிருந்து தூங்குகிறேன், இன்னும் போகவில்லை.

டிசம்பர் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுந்து விளக்கேற்றி, பாய் விரித்து, பவுடர் போட்டு, தோல் பொறுக்கி. அதைப் படித்தபோது ஹரியெட்டா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன். நீங்கள் பல நாளாகத் தூங்கவில்லை என்கிறீர்கள். நான் கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு டிசம்பரும் தூங்கவில்லை. நீங்கள் எழுதியதோடு விழாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க வேண்டும், உடுப்புத் தைக்க வேண்டும், அன்றைக்கு வருகிற பெற்றோர் அத்தனை பேருக்கும் சமைக்க வேண்டும். அது முடிந்தால் கோவில் பாட்டு, கிறிஸ்துமஸ் விருந்துக்குக் குழி வெட்டி மண்ணடுப்பு, புதுவருஷத்துக்கு இன்னொரு மண்ணடுப்பு. ஒவ்வொரு ஃபாராவுக்கும் நான் எழுந்தேன். நீங்கள் வெளியே வந்து பாட்டைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "நாளைக்கு லீவுதானே" என்று சொல்லி மறுபடி படுத்தீர்கள்.

பள்ளிக்கூடத்துக்கு எப்போது விடுமுறை விடுவது என்று செப்டம்பரிலிருந்து ஊரே சண்டை போடுகிறது. நவம்பர் முப்பதா, டிசம்பர் பதினேழா. எந்த நாள் ஆனாலும் அன்றைக்குத்தான் எனக்கு வேலை ஆரம்பம். எனக்கு எந்த நாள் என்று யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. அதனால்தான் பொய் எழுதினேன். களைப்பாக இருக்கிறது, வரவில்லை என்று எழுதினால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கோபம். என்னை இழுப்பதற்குப் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது தப்பு. விட்டுவிடுங்கள்.

இந்தக் கப்பலிலும் நான் இல்லை. துறைக்கு யாரையும் கூட்டிப் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும், ஆனால் இந்தக் கடிதமே அந்தக் கப்பலில்தான் வருகிறது.

தோரிக்கா


ரொட்டுமா
27 டிசம்பர் 1971

அன்புள்ள தோரிக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இதுவரை வழக்கத்துக்குக் கேட்டேன். இப்போது தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மாலுமிகளில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள் ஆனதால் கப்பல் கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று இங்கேயே நிற்கிறது. நாளை கிளம்புகிறது.

கப்பல் வந்தது புதன்கிழமை. இந்த முறை ஊரே துறையில். நீ வந்தால்தான் விடுமுறை என்று கேள்விப்பட்டவர்கள், உன்னைப் பார்க்கக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் படகும் வந்தது. கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். படித்து முடிக்கும்வரை இஞ்சிமோ பொறுத்திருந்தார், அந்த மட்டும் அவருக்கு நன்றி.

"என்ன வாத்தியாரே, அம்மா வரலையா?"

"வரல. அவ லீவுல இருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். இஞ்சிமோவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பொம்பளைக்கு லீவா! வாத்தியாரு பொண்டாட்டின்னா லீவு கூட உண்டா!" என்று தொடையைத் தட்டினார்.

அவருக்குப் பின்னால் சரோத்தே நின்றுகொண்டிருந்தாள், தலையில் கிழங்குக் கூடை. அவள் சிரிக்கவில்லை. கூடையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அக்கா அந்த லீவை யாருகிட்டக் கேட்டு வாங்குனாங்க?" என்றாள்.

"யாருகிட்டயும் கேக்கல. அவளே எடுத்துக்கிட்டா" என்றேன்.

"அப்படி எடுத்துக்கலாமா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு சுத்தமாக நின்றுபோயிருந்தது. இஞ்சிமோ அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "சரி சரி, வெயில் ஏறுது" என்று சொல்லிக் கூடையை அவரே தூக்கிக்கொண்டார். வீடுவரை தூக்கினாரா, திருப்பத்தில் இறக்கிவிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டேன். பாட்டில்லை, ஆட்டமில்லை, விழா இல்லை. மணி அடித்து, "போங்க, பிப்ரவரில பார்ப்போம்" என்றேன். அவர்கள் நம்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் ஒரே ஓட்டம். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஃபாராக் கூட்டம் இப்போதும் வருகிறது, ஆனால் முறை வைத்து வருகிறார்கள். நான் எழுந்து பாய் விரிக்கிறேன். நேற்று பாதிப் பாட்டில் தூணில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அவர்களே தர்ப்பூசணியை வெட்டித் தின்றுவிட்டு, எனக்குப் பவுடர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ என்னிடம் சொல்லியிருக்கலாம், தோரிக்கா. இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரிகிறது. "கொஞ்சம் பொறுத்துக்கோ, கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்றிருப்பேன். இருந்தாலும் வரியை அடிக்க மனமில்லை. எனக்கு நோகிறது.

நீ இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்காகச் சொல்லவில்லை, வேலையை இப்போது நானே செய்கிறேன், கேவலமாகச் செய்கிறேன். ஜனவரி நடுவில் கப்பல் வருகிறதாம். ஃபாரா அதற்குள் ஓய்ந்துவிடும். அதில் வருவாயா? வருவாயா என்றுதான் கேட்கிறேன், வா என்று எழுதவில்லை.

ஜியாரே


சுவா
6 ஜனவரி 1972

அன்புள்ள ஜியாரேவுக்கு,

நான் சுகம். இதை நானும் இந்த முறை வழக்கத்துக்கு எழுதவில்லை. நேற்றுக் காலை எழுந்தபோது கை கால் லேசாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, இன்னும் படுக்கலாம் என்று தோன்றி, மறுபடி படுத்தேன்.

உங்கள் கடிதத்தை ஹரியெட்டாவுக்குப் படித்துக் காட்டவில்லை. நான் மட்டும் வைத்திருக்கிறேன். சொல்லியிருக்கலாம் என்ற வரி இருக்கட்டும். அதுவும் நியாயம்தான்.

சரோத்தேவிடம் சொல்லுங்கள், நான் விசாரித்ததாக. அவள் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாது. எடுத்துக்கொண்ட பிறகுதான் எடுத்துக்கொள்ளலாம் என்றே தெரிந்தது.

வருவாயா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணத்துக்குக் கேட்டபோதுகூட உங்கள் மாமாதான் கேட்டார். அதனால் யோசித்து நானே பதில் எழுதுகிறேன். வருவேன். உங்களைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. ஆனால் ஜனவரிக் கப்பலில் இல்லை.

ஆகஸ்டிலிருந்து விடுமுறையில்தான் இருந்தேன் என்று நீங்கள் கணக்கு வைக்கலாம். அது விடுமுறை இல்லை. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பொய் யோசித்துக்கொண்டு ஒளிந்திருந்தேன், அதில் யாருக்குத் தூக்கம் வரும்? நீங்கள் துறையில் எல்லோர் முன்னாலும் லீவு என்று சொன்னீர்களே, அந்தப் புதன்கிழமைதான் எனக்கு விடுமுறை விட்டது. பிள்ளைகளுக்கும் அன்றைக்குத்தான் விட்டது. அவர்கள் பிப்ரவரியில் திரும்புவார்கள். நானும் அப்போதுதான் திரும்புவேன், ஒரு நாள்கூட முன்னால் இல்லை.

தோரிக்கா